பக்கத்துக்கு ஆறு வார்த்தை

அண்ணனுக்கு எதை வாங்கிக் கொடுப்பது என்பதில் அண்ணிக்கும் தங்கை பட்டாணிக்கும் மூன்று வாரமாக ஒத்துப்போகவில்லை. சண்டை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் போனில் பேச்சு மழையில் ஆரம்பித்தாலும் சரி, முழங்கால் வலியில் ஆரம்பித்தாலும் சரி, கடைசியில் அங்கே வந்துதான் முட்டிக்கொண்டு நின்றது.

"டேப்லட்தான் சரி. கலரா இருக்கும். படம் பார்ப்பார், பேத்தி முகத்தைப் பார்த்துப் பேசுவார். வெறும் கறுப்பு வெள்ளையில எழுத்தை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவார்?" என்பாள் அண்ணி.

"படிப்பான் அண்ணி, வேற என்ன பண்ணுவான்? ஈ-ரீடர் வாங்கினா எத்தனை புத்தகம் வேணாலும் உள்ள போட்டுக்கலாம். கண்ணும் கூசாது. அண்ணன் எப்படிப் படிக்கிறவன்னு உங்களுக்குத் தெரியாது. சின்ன வயசுல அவனை நீங்க பார்த்திருக்கணும்."

இந்த இடம் வந்ததும் அண்ணி எப்போதும் அடுப்பைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போவாள். பிறகு "சரி, பார்க்கலாம்" என்று பேச்சை வேறு பக்கம் தள்ளிவிடுவாள்.

அண்ணனுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது. வாரத்தில் மூன்று நாள், காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை டயாலிசிஸ். சாய்வு நாற்காலியில் படுக்க வைத்து, இடது கையில் இரண்டு ஊசி குத்தி, ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திருப்பி அனுப்புவார்கள். அந்தக் கையை அசைக்கக் கூடாது. முப்பத்தைந்து வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருட்டுக் குழிகளில் இறங்கி ஏறிய மனிதனுக்கு நாலு மணி நேரம் சும்மா கிடப்பதுதான் நோயைவிடப் பெரிய நோயாக இருந்தது. அந்தக் கூடத்தில் ஒரு டிவி உண்டு. சத்தம் கிடையாது, எந்நேரமும் சமையல் நிகழ்ச்சி.

"உப்பு கூடாது, பழம் கூடாது, தண்ணிகூட அளந்துதான்னு சொல்லிப் பதினாறு பேரைப் படுக்கப் போட்டுட்டு, எதிர்ல வெண்ணெய் ஊத்தி வதக்கிக் காட்டுறாங்க. இது வைத்தியமா, பழிவாங்குறதா?" என்று அண்ணன் ஒருநாள் கேட்டான். அன்றைக்குத்தான் பட்டாணி, அவன் கையில் ஏதாவது ஒன்றைக் கொடுத்தே தீர்வது என்று ஒற்றைக்காலில் நிற்க ஆரம்பித்தாள்.

பட்டாணி என்று அவளுக்குப் பெயர் வைத்ததே அண்ணன்தான். பிறந்த மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன இது, பட்டாணி மாதிரி உருண்டு கிடக்கு" என்றானாம். இப்போது அவளுக்கு ஐம்பத்து மூன்று. திரைச்சீலைக் கடையில் இருபது பேர் தைக்கிற கூடத்தைக் கட்டி மேய்க்கிறாள். கூடத்தில் அவள் முன்னால் எல்லாரும் கத்திரியைக் கீழே போடக்கூடப் பயப்படுவார்கள். அண்ணன் வீட்டு வாசலில் கால் வைத்தால் மட்டும் மறுபடி பட்டாணி.

அந்தக் காலத்தில் அப்பா சரக்குக் கப்பலில் சமையற்காரர். வருடத்துக்கு ஒரு தடவை வருவார். வந்தால் பத்து நாள் தூங்குவார். அம்மாவுக்கு ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் வேலை. மாலை ஏழு மணிக்கு, கையெல்லாம் ஊறி வெளுத்துப்போய்த்தான் வீடு திரும்புவாள். பள்ளி விட்டு வந்தால் மூன்றாம் மாடியில் அந்த ஒற்றை அறையில் இவர்கள் இருவர்தான். அவனுக்குப் பதினொன்று, அவளுக்கு ஐந்து. அடுப்பைத் தொடக் கூடாது, ஜன்னலில் ஏறக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டுப் போவாள். செய்யலாம் என்று எதையும் சொன்னதில்லை.

தெருவில் ஒரு பழைய பேப்பர் கடை இருந்தது. அட்டை கிழிந்த படக்கதைப் புத்தகங்களைக் கடைக்காரர் ஒரு மரப்பெட்டியில் போட்டு வைத்திருப்பார். கசக்காமல் திருப்பிக் கொடுப்பதாக இருந்தால் அண்ணன் எடுத்துப் போகலாம். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்றே நிறம். அதுவும் கோட்டுக்குள் அடங்காது. கப்பல் தலைவனின் தொப்பியிலிருந்த சிவப்பு நகர்ந்து போய்ப் பக்கத்து மேகத்தில் ஒட்டியிருக்கும். அந்தக் காகிதத்தின் வாசனை, ஈரச் சுவரும் மண்ணெண்ணெயும் கலந்தது போல ஒன்று, இன்றைக்கும் புதுத் துணிக் கட்டைப் பிரிக்கும்போது சில நேரம் எங்கிருந்தோ வந்து அவள் மூக்கில் ஏறும். ஒரு நிமிடம் கையில் இருப்பதை வைத்துவிட்டு நிற்பாள்.

இருவரும் கட்டிலில் கவிழ்ந்து படுத்துக்கொள்வார்கள். அண்ணன் விரலை ஒவ்வொரு கட்டமாக நகர்த்திக்கொண்டே படிப்பான். கப்பல் தலைவன் பேசினால் தொண்டையைக் கனமாக்குவான். கொள்ளைக்காரி பேசினால் மூக்கால் பேசுவான். எல்லாவற்றிலும் அவளுக்குப் பிடித்தவர் மஞ்சள் கோட்டுத் துப்பறிவாளர்தான். எதிரில் யாராவது பொய் சொன்னால் அவருக்கு வயிறு கடமுடா என்று உருளும். அதனால் குற்றவாளியைக் கண்டுபிடித்த அதே நொடியில், அதைச் சொல்ல நேரமில்லாமல் கழிவறையைத் தேடி ஓடுவார். பட்டாணி சிரித்துச் சிரித்துக் கட்டிலிலிருந்து உருண்டு விழுந்திருக்கிறாள். அண்ணன் ஒரு சொல்லுக்குக்கூடத் திணறியதில்லை. பள்ளியில் டீச்சர்கூட அப்படித் தடங்கலில்லாமல் படித்து அவள் கேட்டதில்லை. என் அண்ணன் மாதிரிப் படிக்க உலகத்தில் ஆள் கிடையாது என்று வகுப்பில் சொல்லி, ஒருத்தியோடு தலைமயிரைப் பிடித்துச் சண்டையே போட்டிருக்கிறாள்.

அவளுக்கு ஏழு வயதானபோது அது நின்றுபோனது. ஒரு மாலை அண்ணன் பாதிக் கதையில் புத்தகத்தை மூடி அவள் மடியில் போட்டான். "உனக்குத்தான் படிக்கத் தெரியுமே. இனிமே நீயே படிச்சுக்கோ" என்று எழுந்துபோய் ஜன்னலண்டை நின்றுகொண்டான். அழுதாள், கடித்தாள், சாப்பிட மாட்டேன் என்றாள். அவன் மசியவில்லை. அந்த ஆத்திரத்தில் அவள் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. மறுநாள் அவன் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குள் படக்கதை வரவில்லை.

பத்து வருடத்துக்கு முன்பு, ஒரு வீட்டுக்கு ஜன்னல் அளவெடுக்கப் போகிற வழியில், நடைபாதைக் கடையொன்றில் அந்த மஞ்சள் கோட்டை அவள் மறுபடி பார்த்தாள். அதே அட்டை. வாங்கி, பஸ்ஸில் உட்கார்ந்து ஆசை ஆசையாகப் பிரித்தாள். வயிறு உருளவே இல்லை. துப்பறிவாளர் ஒரு வங்கிக் கொள்ளையைப் பற்றி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் பேசினார். இது வேறு வரிசைப் புத்தகம் போலிருக்கிறது, இல்லையென்றால் தன் ஞாபகம்தான் பிசகிவிட்டது என்று நினைத்து அதை பீரோவில் போட்டு மறந்துவிட்டாள்.

"அவரையே கூட்டிக்கிட்டுப் போய்க் கையில கொடுத்துப் பார்த்துடலாம்" என்று ஒருவழியாக அண்ணி இறங்கி வந்தாள். டயாலிசிஸ் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை மூவருமாகக் கடைக்குப் போனார்கள். மாடியில் இருந்தது கடை. அண்ணன் படியேறாமல் லிஃப்டில் ஏறினான். ஏறியதும் காதைத் தீட்டிக்கொண்டு, "தண்டவாளத்துல எண்ணெய் போட்டு ஆறு மாசம் ஆச்சு இதுக்கு" என்றான்.

தொண்டை கட்டியிருந்த ஒரு விற்பனைப் பெண் இரண்டு கருவியையும் கண்ணாடி மேஜைமேல் எடுத்து வைத்தாள். முதலில் டேப்லட். திரையில் ஆரஞ்சு மீன்கள் நீந்தின. அண்ணன் முகம் மலர்ந்ததைப் பார்த்து அண்ணி, பட்டாணியை ஓரக்கண்ணால் பார்த்தாள். ஆனால் பட்டாணி வலது கையில் மட்டும் பிடித்துக் காட்டச் சொன்னபோது, இரண்டு நிமிடத்தில் கனம் தாங்காமல் அதை மேஜைமேல் இறக்கி வைத்தான்.

"இதைப் பிடி" என்று பட்டாணி ஈ-ரீடரை எடுத்து அவன் கையில் வைத்தாள். "பாரு, இறகு மாதிரி இருக்கு. படிச்சுப் பாரேன்."

அண்ணன் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டான். திரையைப் பார்த்தான். கொஞ்ச நேரம் கழித்து விரலால் தட்டினான், பக்கம் புரண்டது. புருவத்தைச் சுருக்கி, தலையை மெல்ல ஆட்டி, இன்னும் ஒரு பக்கம். மறுபடி ஒன்று.

"எப்படி இருக்கு?" என்றாள் பட்டாணி.

"நல்லா இருக்கு. கதை விறுவிறுப்பாத்தான் போகுது."

விற்பனைப் பெண் எட்டித் திரையைப் பார்த்தாள். "சார், அது கதை இல்லையே. வாரண்டி நிபந்தனை. முன்னாடி வந்தவங்க யாரோ திறந்து வச்சுட்டுப் போயிருக்காங்க."

"கண்ணாடி பவர் மாறிடுச்சு இவருக்கு" என்றாள் அண்ணி. "டாக்டர்கிட்ட காட்டணும், காட்டணும்னு நாள் தள்ளிக்கிட்டே போகுது."

பட்டாணியைத் திடுக்கிட வைத்தது அந்தப் பதில் வந்த வேகம்தான். அந்தக் கண்ணாடி செய்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அவனைக் கூட்டிப் போய்ச் செய்து கொடுத்தவளே அவள்தான். தையல் கூடத்தில் ஒரு துணி கிழிகிற சத்தம் கேட்டால் தேர்ந்த தையல்காரியின் கை தன்னால் ஊசிக்குப் போகும். அண்ணியின் வாய் அப்படிப் போனது. ஒருநாள் இரண்டுநாளில் வருகிற பழக்கம் இல்லை அது. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு, "என்ன சொல்றான் இவன்?" என்று அண்ணியைக் கேட்பதும், அவள் காய் நறுக்கிக்கொண்டே படித்துச் சொல்வதும் நினைவுக்கு வந்தன. என்ன ஒரு ஜோடி என்று அதைப் பார்த்துப் பட்டாணி பொறாமைப்பட்டிருக்கிறாள்.

ஜன்னலோரம் வாடிக்கையாளர்களுக்காக இரண்டு நாற்காலி போட்டிருந்தது. அண்ணன் அங்கே போய் உட்கார்ந்து பக்கத்து நாற்காலியைத் தட்டினான். அண்ணி மேஜையருகிலேயே நின்று, தேவையில்லாத எதையோ விற்பனைப் பெண்ணிடம் விசாரிக்க ஆரம்பித்தாள்.

"தெரிஞ்சுபோச்சா?" என்றான் அண்ணன்.

பட்டாணி வந்து உட்கார்ந்தாள்.

"சுத்தமா தெரியாதுன்னு இல்ல. எழுத்து தெரியும். ஒண்ணொண்ணா நின்னா தெரியும். பக்கம் பூராவும் வந்து நின்னா சந்தைக் கூட்டம் மாதிரி ஆயிடும், எது முன்னால எது பின்னாலன்னே தெரியாது. ஒரு வரியைப் பிடிச்சுக்கிட்டுப் போனா கீழ் வரி வந்து மேல ஏறிடும். வாத்தியார் அடிச்சுப் பார்த்தார், முட்டி போட வச்சுப் பார்த்தார். அது இறங்கவே இல்ல."

"அம்மாவுக்கு?"

"தெரியும். யார்கிட்டயும் சொல்லல, பாவம்."

"அப்போ லிஃப்ட் வேலை? முப்பத்தைந்து வருஷம்?"

"வயருக்கு நிறம் இருக்கே. படம் வரைஞ்சு கொடுத்துடுவாங்க. நம்பர் என்கிட்ட ஓடாது, நிக்கும். ரிப்போர்ட்டெல்லாம் உங்க அண்ணி எழுத்து. கம்பெனில என் கையெழுத்து அழகுன்னு ஒரு தடவை பாராட்டினாங்க." அவன் சிரித்தான்.

பட்டாணிக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்போ மஞ்சள் கோட்டு?" என்றாள். குரல் ஏழு வயதுக் குரலாக வந்தது.

"எல்லாம் என் சொந்தச் சரக்குதான். அந்த ஆள் படத்துல எப்பப் பார்த்தாலும் வயித்துல கையை வச்சுக்கிட்டு நிப்பான். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கிட்டிருந்தானோ என்னமோ. எனக்கு வயித்து வலின்னு பட்டுது."

"ஏன் நிறுத்தினே?"

அண்ணன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். எதிர்க் கட்டிடத்தில் ஒருவர் கயிற்றில் தொங்கிக்கொண்டு கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஒருநாள் நான் பாட்டுக்குக் கதை விட்டுக்கிட்டிருக்கேன். உன் கண்ணு படத்துல இல்ல. கீழ எழுத்துல ஓடுது. உதடு அசையுது. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா, 'அண்ணா, இங்க அப்படிப் போடலையே'ன்னு கேட்டிருப்பே. பள்ளிக்கூடம் முழுக்க என்னை மண்டுன்னுச்சு. ஒரே ஒரு ஆள்தான் பெரிய படிப்பாளின்னு நம்பிக்கிட்டிருந்தா. அவளையும் இழந்துட்டா அப்புறம் எனக்கு யார் இருக்கா, சொல்லு."

நாற்பத்தாறு வருடமாக மனதின் ஒரு மூலையில் அவள் மடித்து வைத்திருந்த கோபம் அது. அண்ணனுக்குத் தன்மேல் பாசம் குறைந்த நாள் என்றே அதை நினைத்து வைத்திருந்தாள். அம்மா செத்த அன்றுகூட ஒரு நிமிடம் அது எட்டிப் பார்த்தது. இப்போது அதை என்ன செய்வது, எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். ஊசி குத்திக் குத்தி நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்த கை.

"வா, டேப்லட்டே வாங்கிடலாம்" என்றாள் சட்டென்று. "அண்ணி சொன்னதுதான் சரி. பழைய படக்கதையெல்லாம் இப்போ அதுல வருதாம். நீ படத்தைப் பார்த்துக் கதை சொல்லு. நான் லீவு போட்டுட்டு வந்து பக்கத்துல உட்கார்ந்துக்கறேன். சத்தியமா எழுத்துப் பக்கம் திரும்பக்கூட மாட்டேன்."

அண்ணன் அவளையே பார்த்தான். ஒரு கணம் அவன் சம்மதித்துவிடுவான் என்றுதான் தோன்றியது. பிறகு எழுந்து மேஜைக்குப் போனான்.

"ஏம்மா, இதுல எழுத்தை எவ்வளவு பெருசு பண்ணலாம்?" என்று ஈ-ரீடரைக் காட்டிக் கேட்டான்.

விற்பனைப் பெண் அழுத்தினாள். "போதுமா சார்?" "இன்னும்." "இப்போ?" "இன்னும் கொஞ்சம்." கடைசியில் திரையில் ஆறே வார்த்தைகள் நின்றன. அண்ணன் கருவியை முகத்தருகே கொண்டுபோனான்.

"பழுது... ஏற்பட்டால்... பதினைந்து..." நின்றான். மூச்சு விட்டுக்கொண்டான். "நாட்களுக்குள்... தெரிவிக்க... வேண்டும்."

"சரியா?" என்று அண்ணியைக் கேட்டான். அண்ணி தலையாட்டினாள்.

"நிக்குதே" என்றான் அண்ணன். "மேல வந்து ஏற வேற வரியே இல்ல."

"டேப்லட்லயும் எழுத்தைப் பெருசு பண்ணலாமே" என்றாள் பட்டாணி. மூன்று வாரம் எதற்காக மல்லுக்கட்டினாளோ அது கைக்கு வந்தபோது அவளே அதைத் தடுத்துக்கொண்டிருந்தாள்.

"பண்ணலாம். ஆனா பக்கத்துலயே கலர் கலரா ஒரு படம் வந்து நிக்கும். படத்தைப் பார்த்தா நான் எழுத்துப் பக்கம் திரும்ப மாட்டேன் பட்டாணி. என்னை எனக்குத் தெரியாதா? இதுல ஓடி ஒளிய இடமே இல்ல. வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் கையைக் கட்டிப் போட்டுடறாங்க. பள்ளிக்கூடத்துல கிடைக்காத நேரம் இப்போ கிடைச்சிருக்கு. அப்படி என்னதான் எழுதி வச்சிருக்காங்கன்னு நானே பார்த்துடறேன்."

ஈ-ரீடரை வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

அண்ணி அதில் ஒரு சின்ன நாவலைப் போட்டுக் கொடுத்தாள். ஒரு தீவுப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்து சேரும் டீச்சரைப் பற்றியது. டயாலிசிஸ் நாற்காலியில் மட்டும்தான் அதை எடுப்பான். முதல் வாரம் ஒரு நாளைக்குப் பத்துத் திரை படித்தான். தலை வலிக்கும், வைத்துவிடுவான். மறுபடி எடுப்பான். பக்கத்து நாற்காலியில் படுத்திருந்த ஓய்வுபெற்ற காசாளர் ஒருநாள் எட்டிப் பார்த்து, "என்ன சார், கண் டெஸ்ட் அட்டையா?" என்றார். "ஆமாங்க. கடைசி வரி வர இன்னும் எட்டு மாசம் ஆகும்" என்றான் அண்ணன், தலையைத் தூக்காமல்.

பட்டாணி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை லீவு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்து பின்னல் வேலை செய்தாள். முதலில் அவன் திணறும்போதெல்லாம் இவள் வாய் தன்னால் திறந்தது. பிறகு மூடப் பழகிக்கொண்டது. அவனாகத் திரையைத் திருப்பி, "இது என்ன?" என்று கேட்டால் அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்வாள். கதையை அவன் அவளுக்குப் படித்துக் காட்டவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று இருந்தது என்னவோ உண்மை. அவன் உதடு மெல்ல அசைவதைப் பார்க்கும்போது, தொண்டையைக் கனமாக்கி மூக்கால் பேசிய அந்தப் பதினொரு வயதுப் பையன் அந்தக் கூடத்திலேயே எங்கோ இருப்பது போலவும், தன்னை மட்டும் கூப்பிடாமல் விளையாடப் போய்விட்டது போலவும் ஒரு ஏக்கம் வரும். ஊசியைக் கீழே வைத்துவிட்டுப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வருவாள்.

நாலாவது மாதத்தில் ஒருநாள், டயாலிசிஸ் முடிந்து இருவரும் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும் எப்போதும் அண்ணன் பிழிந்து போட்ட துணி மாதிரி ஆகிவிடுவான். ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிப் போனான். ஈ-ரீடர் அவள் பையில் இருந்தது. வெளியே எடுத்தாள்.

"எண்ணிப் பார்த்தபோது ஒரு குழந்தை குறைவாக இருந்தது" என்று திரையில் நின்றது.

அவள் விரல் முதலில் எழுத்தைச் சிறிதாக்கத்தான் போனது. பழக்கம். அந்தப் பக்கத்தை அவள் ஒரே பார்வையில் முடித்துவிடுவாள். ஏனோ அப்படியே விட்டுவிட்டு அடுத்த திரையைத் தட்டினாள். ஐந்து வார்த்தை. தட்டினாள். ஆறு வார்த்தை. முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. யாரோ ஸ்பூனில் அள்ளி அள்ளிக் கொடுப்பது போல. பத்துப் பன்னிரண்டு திரை போனதும் அவசரம் அடங்கியது. டீச்சர் கரையோரம் ஓடினாள். பாறைக்குப் பின்னால் பார்த்தாள். மற்றக் குழந்தைகள் சத்தமில்லாமல் நின்றன. ஒவ்வொரு சொல்லும் வந்து, நின்று, முகத்தைக் காட்டிவிட்டுப் போயிற்று. இப்படி அவள் எதையும் படித்ததில்லை. குழந்தை கிடைத்ததா இல்லையா என்பது அடுத்த திரையில் வந்துவிடும், அதற்கடுத்ததில் வந்துவிடும் என்று தட்டிக்கொண்டே போனாள். வரவில்லை. அண்ணனுக்கு நாளை மறுநாள் காலைவரைக்கும் இது தெரியாது என்று நினைத்தபோது அவளுக்கு அவன்மேல் இரக்கமாக இல்லை. கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

பஸ் பாலத்தைத் தாண்டித் திரும்பியது. இன்னும் இரண்டு நிறுத்தம். அப்போதுதான் தான் எவ்வளவு தூரம் முன்னால் வந்துவிட்டோம் என்பது உறைத்தது. அடுத்த முறை அவன் எடுத்தால் இடம் தெரியாமல் தவிப்பான். அவள் ஒவ்வொரு திரையாகப் பின்னால் தட்ட ஆரம்பித்தாள். குழந்தைகள், பாறை, கரை. முப்பத்தோரு முறை தட்டவேண்டியிருந்தது. அவன் விட்ட இடம் வந்ததும் அணைத்துப் பையில் வைத்தாள்.

"அண்ணா, எழுந்திரு. இறங்கணும்" என்று அவன் தோளைத் தொட்டாள்.